மாசிலாமணி அண்ணன் கையில் பூத்த பூ

உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இவ்வளவு இடம் இருக்குது, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னா என்ன அர்த்தம், வலது பக்கமே எல்லாரும் சாயாதீங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு டிரைவர் முறைப்பார். பார்க்கத்தானே வந்திருக்கீங்க, பொள்ளாச்சியிலிருந்து ஊசிப்பாறைக்கு முப்பத்தேழு வளைவு, ஒன்பதாவது வளைவுல பனி வரும், பனி பட்டாத்தான் அது நல்லா முகம் காட்டும், அதுவரைக்கும் நடந்ததை நடந்தபடி நான் சொல்றேன், சில்லறைப் பேச்சை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டே வாங்க.

என் பேரு தவமணி. ஆறு வருஷத்துக்கு முந்தி இதே வண்டியில என் வீட்டுக்காரர்தான் கண்டக்டர். ஒரு நாள் ஊசிப்பாறை ஸ்டாண்டுல டீ கிளாசைக் கையில வச்சுக்கிட்டே நெஞ்சைப் பிடிச்சு உட்கார்ந்தவர் எந்திரிக்கல. வாரிசு வேலையா அவர் பையும் விசிலும் எனக்கு வந்துச்சு. பொம்பளை கண்டக்டரான்னு முதல் மாசம் சிரிச்சவனெல்லாம் ரெண்டாம் மாசம் படியில தொங்குறதை விட்டுட்டான், என் வாய் அப்படி.

நம்ம டிரைவர் மாசிலாமணி அண்ணன் இருக்காரே, அவர் எனக்கு நேர்மாறு. இருபத்திரண்டு வருஷமா இதே ரூட்டு, நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினா அன்னைக்கு அடைமழைன்னு டிப்போவுல கேலி பண்ணுவாங்க, ஊர்க்காரங்க அவர் பிடரியைத்தான் பார்த்திருக்காங்களே தவிர முகத்தைப் பார்த்தவங்க கம்மி. வளைவு இல்லாத இடத்துலெல்லாம் வலது கையை மடிச்சு ஜன்னல் கட்டை மேல வச்சுக்குவார், அந்தக் கை மேல இருபத்திரண்டு வருஷத்துப் பனியும் இருபத்திரண்டு வருஷத்துச் சாரலும் பட்டிருக்குது. யோசிச்சுப் பார்த்தா ஒரு மரக்கிளைக்கு அதைவிட அதிகமா என்ன கிடைச்சிருக்கும் சொல்லுங்க.

ஆயுத பூசை முடிஞ்சு எட்டாம் நாள், புதன்கிழமை, காலை முதல் டிரிப்பு, ஒன்பதாவது வளைவு தாண்டினதும் டிக்கெட் போட முன்னால போனேன். காக்கிச் சட்டையோட அரைக்கை முடியிற இடத்துக்குக் கீழே, முழங்கைக்கு நாலு விரல் மேல, ஒரு செடி இருந்துச்சு. முந்தின நாள் இல்லை, அன்னைக்கு இருந்துச்சு. கறிவேப்பிலை அளவுல ஆறு இலை, ஒவ்வொரு இலைக்கும் ஒரு காம்பு, காம்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் புனலை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகின மாதிரி உறை, வெள்ளை நூல் மாதிரி வேரு கையைச் சுத்தி மூணு சுத்து சுத்திப் பிடிச்சிருந்துச்சு.

“அண்ணா, கையில என்னமோ முளைச்சிருக்குதுங்க.”

அண்ணன் ஒரு தரம் பார்த்தார். கியரை மாத்தினார். “ஆமா.”

“அரிக்குதுங்களா?”

“இல்லை.”

“வலிக்குதுங்களா?”

“குளுகுளுன்னு இருக்குது. எட்டாவது வளைவுல ஆள் இறங்கணுமா, பாரு.”

அவ்வளவுதான். நாலு வார்த்தைக்கு மேல பேசிட்டார், அன்னைக்கு மழையும் வந்துச்சு.

ஊர் அதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேட்டா, முதல் நாள் வாயைப் பிளந்துச்சு, ரெண்டாம் நாள் வரிசையில நின்னுச்சு, மூணாம் நாள் அது பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கிட்டு அந்தச் செடியையும் சேர்த்துப் பார்த்துக்க ஆரம்பிச்சிருச்சு. டிரைவருக்குப் பின்னால இருக்கற வலது பக்க ஜன்னல் சீட்டுக்கு எஸ்டேட் பொம்பளைகளுக்குள்ள முறை வச்சுக்கிட்டாங்க, முறைக்காரி ஒரு ஈரத்துணியோட ஏறணும், மலை இறங்கிப் பொள்ளாச்சி வெயில் வர்றப்ப அந்தத் துணியைக் கைக்கு மேல பந்தல் மாதிரி பிடிச்சுக்கணும், திரும்ப மலை ஏறுறப்ப துணியை எடுத்துறணும். சலூன்காரர் தண்ணி பீச்சுற குப்பியைக் கழுவிக் கொண்டாந்து குடுத்தார். மாரியம்மன் கோயில் பூசாரி இது அம்மன் ஏறி உட்கார்ந்ததுன்னார், சர்ச்சுக்குப் போறவங்க பைபிள்ல ஆரோனோட காய்ஞ்ச கோல் துளிர்க்கலையான்னாங்க, பள்ளிவாசல் டீக்கடை பாய் “எதுவா இருந்தா என்ன, வண்டி நேரத்துக்கு வந்தா சரி”ன்னார். கொழுந்து பறிக்கிறவங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருக்கற செல்லக்கிளி மட்டும் மூணு நாள் பார்த்துட்டு நாலாம் நாள் தீர்ப்பு சொன்னா: “மாமரத்துல ஏறுற புல்லுருவிதாண்டி இது. மரத்தைக் குடிச்சுட்டுத்தான் விடும். இந்த மனுசன் போயிருவான் பாரு.”

அதுல ஊர் ரெண்டுபட்டுப் போச்சு, ஒரு பாதி புல்லுருவி, இன்னொரு பாதி பூச்செடி.  அண்ணன்கிட்ட ஒரு மாற்றம் வந்துச்சு, அதை நான்தான் முதல்ல கவனிச்சேன். மனுசன் வண்டி ஓட்டிக்கிட்டே முனக ஆரம்பிச்சார். பாட்டுமில்லை பேச்சுமில்லை, ஒரு சந்தோஷ முனகல். ஏறுறவங்கல்லாம் அவர் முகத்தைப் பார்த்து “சவுக்கியமுங்களாண்ணா, கை சவுக்கியமுங்களா?”ன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போனாங்க. இருபத்திரண்டு வருஷத்துல யாரும் கேட்காத கேள்வி அது.

அஞ்சாம் நாள் பூத்துச்சு. ஒரு இலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, கொத்தமல்லி விதை அளவுல ஒரே ஒரு பூ. வண்டியில அறுபது பேரு, அறுபது பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, மூச்சுக்காத்துல விழுந்துருமோன்னு.

இந்த இடத்துல நான் என் குட்டை உடைச்சாகணும். இதை அப்ப யாருக்கும் சொல்லல, உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுறேன்.

அந்த ஆயுத பூசை அன்னைக்கு, டிப்போவுல எல்லா வண்டிக்கும் மஞ்சள் குங்குமம் வச்சு எலுமிச்சம்பழம் நசுக்கினாங்க. கண்டக்டருங்க அவங்கவங்க வண்டிக்குப் பொட்டு வைக்கிறது வழக்கம். நானும் தட்டை எடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து தட்டை வாங்கிக்கிச்சு. “நீ எதுக்கும்மா, விடு, நாங்க பார்த்துக்கறோம்.” கோபமா சொல்லல, பாவம் பார்த்துச் சொன்னாங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. தாலி அறுந்தவ கை பட்டா வண்டி கவுந்துரும்னு பயம், என்ன பண்றது, முப்பத்தேழு வளைவு ஆச்சே. வருஷம் முழுக்க அந்த வண்டியில என் கை படாத கம்பி இல்லை, ஒரு பொட்டு வைக்கத்தான் கை ஆகாமப் போச்சு.

அதனால, பூ பூத்த மறுநாள் காலையில, அண்ணன் டீ குடிச்சுட்டு வந்து சீட்டுல உட்கார்ந்து கண்ணை மூடிச் சாமி கும்பிடுற அரை நிமிஷத்துல, நான் என் சேலை ஊக்கைக் கழட்டி, அதோட முனையில மஞ்சள் தொட்டு, குங்குமம் தொட்டு, அந்தப் பூவுக்கு வச்சேன். கடுகுல கால்வாசி இருக்கும். பூ ஒண்ணும் சொல்லல. என் கையை யாரும் பிடிக்கல. நான் அன்னைக்கு முழுக்க யாரையும் திட்டாம டிக்கெட் குடுத்தேன், “அக்காவுக்கு உடம்புக்கு முடியலையா?”ன்னு பிள்ளைங்க கேட்டுச்சுங்க. அன்னையிலிருந்து தினமும் வச்சேன். பழசு உதிர்ந்து புதுசு பூத்தா அதுக்கும் வச்சேன்.

இதுக்கு நடுவுலதான் டாக்டர் வந்தார். டிப்போவுல டிரைவருங்க கண்ணு, காது, கை காலெல்லாம் சரியா இருக்குதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுற டாக்டர். நல்ல மனுசன், ஆனா ரூல் மனுசன். செடியைச் சுத்திச் சுத்திப் பார்த்தார், வேரை மெதுவா நிமிண்டிப் பார்த்தார், வேரோட அண்ணன் தோலும் சேர்ந்து எழும்பி வந்துச்சு.

“மாசிலாமணி, எனக்கு இதை வெட்ட ஆசையில்லை,” அப்படின்னார். “ஆனா இது என்னன்னு தெரியாம ‘ஓட்டத் தகுதி’ன்னு நான் எழுத முடியாது. புல்லுருவியா இருந்தா உள்ள இறங்கி ரத்தத்தைக் குடிக்கும். ஒரு நாள் வளைவுல கை செத்துப் போச்சுன்னா அறுபது உசுரு. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்குது, அதுல இதோட பேரை எழுதணும். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். பேரு வந்தா கையெழுத்து. வரலைன்னா ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்துருவாங்க.”

“வெட்டினா கை என்னாகுங்க?” நான்தான் கேட்டேன், அண்ணன் கேட்க மாட்டாரே.

“தோலோட வரும். நரம்பு போனாலும் போகும். ஸ்டீரிங் பிடிக்க முடியுமான்னு அப்புறம்தான் தெரியும்.”

அண்ணன் செடியைப் பார்த்தார். அப்புறம் வெளியே நின்னுக்கிட்டிருந்த வண்டியைப் பார்த்தார். முனகல் நின்னு போச்சு.

 பேரு கண்டுபிடிக்கிறவங்க யாருன்னு விசாரிச்சோம், எஸ்டேட் ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் மூலமா கோயம்புத்தூர்ல ஒரு காலேஜுல செடிகளுக்குப் பேர் கண்டுபிடிக்கிறதே வேலையா இருக்கற பிரிசில்லா மேடத்துக்கு ஆள் போச்சு. செவ்வாய்க்கிழமை மேடம் வந்து இறங்கினாங்க. குள்ளமா, மழைக்கோட்டோட, கழுத்துல கயித்துல கட்டின ஒரு பூதக்கண்ணாடி, வேற நகை ஒண்ணும் இல்லை, முதல் வளைவுலயே ஜலதோஷம் பிடிச்சு மூக்கு அடைச்சுப் போய்த் தும்மிக்கிட்டே வந்தாங்க. முறைக்காரியோட சீட்டுல உட்கார்ந்து கண்ணாடியைக் கண்ணுல வச்சவங்கதான், ஒன்பதாவது வளைவு வந்தப்ப “ஐயையோ!”ன்னு ஒரு சத்தம். அண்ணன் பிரேக்கே போட்டுட்டார்.

“இது நம்ம ஊருச் செடியே இல்லைங்க! தென் அமெரிக்கா! கடலுக்கு அந்தப் பக்கம், ஆன்டீஸ் மலைக் காட்டுல, மரக்கிளையில பாசிக்கு நடுவுல உட்கார்ந்திருக்கும்! இது எப்படி இங்க?”

“பஸ்ஸுலதான்”னு பின்னாலிருந்து எவனோ சொன்னான். வண்டியே சிரிச்சுது.

எப்படி வந்துச்சுன்னு எங்களுக்குக் கவலையே இல்லை. எங்களுக்கு வேண்டியது பேரு. மேடம் ஒரு தடிப் புஸ்தகத்தை மடியில விரிச்சாங்க. அதுல பேரை நேரா தேட முடியாதாம், கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் போகணுமாம், ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டே பதில், இதுவா அதுவா, ஒண்ணைச் சொன்னா இந்தப் பக்கத்துக்குப் போ, இன்னொண்ணைச் சொன்னா அந்தப் பக்கத்துக்குப் போ. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு, இதுவும் நம்ம மலை ரோடு மாதிரிதான், ஒரு வளைவுல தப்பாத் திரும்பினா வேற ஊருக்குப் போய்ச் சேர்ந்துருவோம். மேடம் கேள்வியைச் சத்தமா வாசிச்சாங்க, வண்டியே பதில் சொல்லுச்சு.

“காம்புக்கு எத்தனை இலை?”

“ஒண்ணு!” அறுபது தொண்டை.

“காம்பு மேல உறை இருக்கா? புனல் மாதிரி விரிஞ்சிருக்கா?”

“விரிஞ்சிருக்கு!”

“புனல் விளிம்புல முடி இருக்கா, இல்லையா?”

செல்லக்கிளி எட்டிப் பார்த்து, “பூனைக்குட்டி காது மாதிரி இருக்குதுங்க மேடம்”னா.

“பூ இலைக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னால!”

“மகரந்தம் தூளா இருக்கா, உருண்டையா இருக்கா? இருங்க, நான் பார்க்கிறேன்...” பல்குச்சி முனையால ஒரு தொடல், மூச்சுவிடாம அறுபது பேரு. “உருண்டை! ரெண்டே ரெண்டு!”

என்னமோ தேர்தல்ல ஜெயிச்ச மாதிரி கைதட்டல். பேரோட முதல் பாதி வந்துருச்சு, லெபாந்தஸ். அது குடும்பப் பேரு மாதிரியாம், அந்தக் குடும்பத்துல ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க இருக்காங்களாம், இது அதுல யாருன்னு கண்டுபிடிச்சாத்தான் பேரு முழுசாகும். அப்புறம் மேடம் அடுத்த வளைவுக்கு வந்தாங்க: “இதழோட நிறம் என்ன? மஞ்சள், நடுவுல குங்குமச் சிவப்பு, மேல பொன்தூள் மாதிரி...” பக்கத்தைப் புரட்டினாங்க, இன்னொரு புஸ்தகத்தை எடுத்தாங்க, போன்ல தேடினாங்க. முகம் சிவந்து போச்சு. “இந்த நிறத்துல இப்படிப் பொடி பூத்த இதழோட ஒண்ணு இதுவரைக்கும் யாருமே எழுதி வைக்கலை. இது... இது புதுசா இருக்கலாம்!”

அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும். எதிர்ல வந்த பால் வண்டிக்காரன் என்னமோ விபத்துன்னு நிறுத்திட்டு ஓடி வந்தான்.

நான் மட்டும் சில்லறையை எண்ணுற மாதிரி பைக்குள்ள குனிஞ்சுக்கிட்டேன். மஞ்சள், குங்குமம்னு மேடம் வாயாலயே வந்தும் வண்டியில ஒருத்தருக்கும் தோணலையான்னு கேட்பீங்க. கடுகுல கால்வாசி வச்சது, பனியில நனைஞ்சு காஞ்சு இதழோட இதழா ஒட்டிப் போனது, யாருக்குத் தெரியும்? மூக்கு நல்லா இருந்திருந்தா மேடமே மஞ்சள் வாசத்தைப் பிடிச்சிருப்பாங்க. அப்ப நான் சொல்லியிருக்கணும். ‘தாலி அறுத்தவ, அடுத்தவ புருஷன் கையில தினமும் குங்குமம் வச்சிருக்கா’ன்னு ஊர் பேசுறது காதுல கேட்டுச்சு, வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு நாள் தூக்கம் போச்சு.

அந்த ரெண்டு நாளும் ஊசிப்பாறைக்குக் கால் தரையில படல. உலகத்துலயே புதுப் பூ, நம்ம ஊருல, நம்ம பஸ்ஸுல! பேரு யார் வைக்கிறதுன்னு கூட்டம் போட்டாங்க. ஊர்ப் பேரு வைக்கணும்னு ஒரு கட்சி, மாரியம்மன் பேருன்னு ஒரு கட்சி, வண்டி நம்பரை வச்சா சண்டையே இல்லைன்னு டீக்கடை பாய். புல்லுருவின்னு தீர்ப்பு சொன்ன செல்லக்கிளிதான் கூட்டத்துக்குத் தலைமை. ‘உலகின் புதிய மலர் தந்த ஊசிப்பாறை’ன்னு நாலு சுவரு நீளத்துக்கு போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டாங்க. சிரிக்காம இருந்தது ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு அண்ணன் சம்சாரம் ஜெயக்கொடி. அந்தம்மா பத்துப் பதினைஞ்சு நாளாவே முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, அண்ணன் டிபன் டப்பாவுல தொட்டுக்க ஒண்ணுமில்லாம வெறும் தயிர்சோத்தைத் தள்ளிவிட்டுக்கிட்டு இருந்துச்சு. செடியை நினைச்சுக் கவலைன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, ஊசிப்பாறை ஸ்டாண்டுல வண்டி நிக்குது, உள்ள ஊரே நிக்குது. மேடம் போனைக் கம்பியில கட்டி வச்சாங்க, அதுல ஈக்வடார் நாட்டுல இருக்கற ஒரு வாத்தியார் தெரிஞ்சார், அங்க விடிஞ்சு ஆறரை மணி, தலைகூடச் சீவல, கையில காப்பி. இந்தச் செடிக் குடும்பத்தைப் பார்த்தே தலை நரைச்ச ஆளாம். அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். வாத்தியார் அவங்க பாஷையில சொல்லச் சொல்ல மேடம் நமக்குச் சொன்னாங்க.

“இலையைப் பார்த்தா, புனலைப் பார்த்தா, எங்க வீட்டுக்குப் பின்னாடி கொய்யா மரத்துல இருக்கறதே மாதிரி இருக்குங்கறார். ஆனா அந்தப் பூ கண்ணாடி மாதிரி வெளுப்பா இருக்குமாம். இந்த மஞ்சள் சிவப்பு மட்டும் இல்லைன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பேரைச் சொல்லிருவேங்கறார். நிறம் இப்படி இருக்கறதால... ஆமா, புதுசுதான்ங்கறார்!”

வண்டி ஆடுச்சு. விசில் என்ன, குலவை என்ன! அந்தச் சத்தத்துக்கு நடுவுல மேடம் முகம் வாடிப் போனதை நான் பார்த்தேன்.

“என்னங்க மேடம்?”

“புதுசுன்னா உடனே பேரு வைக்க முடியாது, தவமணி. வரைஞ்சு, எழுதி, மத்தவங்க பார்த்து ஒத்துக்கிட்டு, அச்சுல வரணும். ரெண்டு வருஷம் ஆகும். மத்தியானமே டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டு வச்சேன். பேரில்லாத செடியோட ரெண்டு வருஷம் விட முடியாதுன்னுட்டார். நாளைக்கு வெட்டிருவாங்க.”

முன்னால இருந்தவங்க காதுல விழுந்து, அது பின்னால போய், கடைசி சீட்டு வரைக்கும் குலவை ஒவ்வொண்ணா அணைஞ்சு போச்சு. அண்ணன் இடது கையால அந்த இலைங்களைத் தடவிக் குடுத்தார். பத்து வார்த்தைக்கு மேல பேசாத மனுசன் பேசினார். “பரவாயில்லைங்க மேடம். கொஞ்ச நாள் எல்லாரும் முகத்தைப் பார்த்துப் பேசினாங்க. அது போதுங்க.”

அதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் மனுஷியா? விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். எல்லாரும் திரும்பினாங்க.

“அது புதுசில்லைங்க,” அப்படின்னேன். “அந்த நிறம் நான் வச்சது. மஞ்சளும் குங்குமமும். ஊக்கு முனையால தினமும் காலையில வச்சேன். வண்டிக்கு வைக்கத்தான் விடல, பூவுக்காச்சும் வைக்கலாமேன்னு வச்சேன். தப்புதான். திட்டுறவங்க திட்டிக்கங்க, ஆனா அந்தக் கையை வெட்ட விடாதீங்க.”

 செல்லக்கிளிதான் முதல்ல, “அடிப்பாவி! போஸ்டர் அடிச்சு ஒட்டியாச்சேடி!”ன்னு தலையில கை வச்சா. பூசாரி மேலே பார்த்தார். எல்லாக் கண்ணும் மெல்ல மெல்ல ஜெயக்கொடி பக்கம் திரும்புச்சு. அந்தம்மா சீட்டை விட்டு எந்திரிச்சு, கூட்டத்தை விலக்கிக்கிட்டு என் எதிர்ல வந்து நின்னுச்சு. அடிதான் விழப் போகுதுன்னு நான் கன்னத்தைத் தயாராத்தான் வச்சிருந்தேன்.

“என் புருஷன் கையில குங்குமம் வச்சது நீயா?”

“ஆமாங்க்கா.”

“தினமும்?”

“தினமும்ங்க்கா.”

“பூவுக்கா வச்சே?”

“பூவுக்குத்தாங்க்கா.”

ஜெயக்கொடி அப்படியே பக்கத்து சீட்டுல பொத்துன்னு உட்கார்ந்துச்சு. “அப்பாடா! மாரியாத்தா! தினமும் சட்டையைத் துவைக்கையில கை ஓரத்துல குங்குமக் கறை! இந்த ஊமைக் கோட்டானுக்கு இந்த வயசுல எவ சிக்கினான்னு நினைச்சு நினைச்சு எனக்குப் பாதி உசுரு போச்சு! தயிர்சோத்தையே போட்டுத் தண்டிச்சுட்டேனே!” சொல்லிட்டுச் சிரிச்சுது பாருங்க, அழுகையும் சிரிப்புமா, முந்தானையில முகத்தைப் பொத்திக்கிட்டு. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டே இருந்தார். “அதான் தயிர்சோறா?”ன்னார். அதுக்கப்புறம் வண்டியில யாருக்குத்தான் சிரிப்பை அடக்க முடியும்!

“கழுவுங்க! கழுவுங்க!” மேடம் கத்துனாங்க. “சோப்பு வேண்டாம், குழாய்த் தண்ணியும் வேண்டாம், அதுல மருந்து இருக்கும்! சுத்தமான தண்ணி!”

சுத்தமான தண்ணிக்கு எங்க போறது? அண்ணனுக்கு ஒன்பதாவது வளைவுப் பனி ஞாபகம் வந்துருச்சு. சாவியைப் போட்டார். ஊரே உள்ள இருக்க, நான் ரெண்டு விசில் குடுக்க, வண்டி புறப்பட்டுச்சு. முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தஞ்சுன்னு ஜனம் வளைவை எண்ணிக்கிட்டே வருது, போன்ல வாத்தியாரும் காப்பியைக் கையில வச்சுக்கிட்டு எங்களோட ஆடி ஆடி வர்றார், முப்பத்தி ரெண்டாவது வளைவுல எதிர்பார்க்காம ஒரு பனிமூட்டம் ரோட்டை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, ஜன்னல்ல கையை மடிச்சு வச்சார். பனி வந்துச்சு. இலை மேல முத்து முத்தா கோத்துச்சு, பூ மேல ஒரு துளி நின்னுச்சு, மேடம் தூரிகை நுனியால அதைத் தொட்டாங்க, துளி மஞ்சளாச்சு, சிவப்பாச்சு, அண்ணன் கை வழியா இறங்கிச் சொட்டுச்சு. இன்னொரு துளி. இன்னொரு துளி. வெளிச்சம் போறதுக்குள்ள ஆகணுமேன்னு நான் வேண்டாத சாமி இல்லை.

அடியில இருந்தது கண்ணாடிங்க. அப்படி ஒரு வெளுப்பு, அந்தப் பக்கம் இருக்கறது இந்தப் பக்கம் தெரியிற மாதிரி, நடுவுல திராட்சைச் சாறுல தொட்ட மாதிரி ஒரு மெல்லிய கோடு. போன்ல வாத்தியார் நாற்காலியை விட்டு எந்திரிச்சுக் கத்துறார், காப்பி கொட்டிப் போச்சு, உள்ளேருந்து அவங்க அம்மாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றார், அந்தம்மா போனுக்குள்ள மூக்கை நுழைச்சுப் பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுது. மேடம் தும்மிக்கிட்டே, அழுதுக்கிட்டே சொன்னாங்க: “எங்க கொய்யா மரத்துதுன்னு சொல்றாங்க! அதேதான்! பேரு இருக்கு! அம்பது வருஷமா பேரு இருக்கு! இது குடிக்கிற செடி இல்லை, உட்கார இடம் மட்டும் கேட்கிற செடி!”

அந்த ரெண்டாவது பேரு என் வாயில நுழையல, லத்தீனாம். ஃபாரத்துல எழுதியிருக்குது. வெள்ளிக்கிழமை காலையில டாக்டர் எழுத்தெழுத்தாப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுட்டு, “வாரம் ஒரு தரம் கையைக் காட்டிட்டுப் போ”ன்னு சொல்லிட்டு, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு அந்தப் பூவை விரலால ஒரு தொடு தொட்டார். செல்லக்கிளி கரியை எடுத்துட்டுப் போய் நாலு சுவத்துலயும் ‘உலகின்’ங்கறதை அடிச்சுட்டு ‘ஊரின்’னு எழுதிட்டா. ஊரின் புதிய மலர். அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

தானா உதிர்ந்த ஒரு பூவை மேடம் குட்டி பாட்டில்ல மருந்துல போட்டு, சீட்டு எழுதினாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். இடம்: ஊசிப்பாறை ரோடு, ஒன்பதாவது வளைவு. எதன் மேல் வளர்ந்தது: மாசிலாமணி, பேருந்து ஓட்டுநர், வலது கை. குறிப்பு: இவ்வூரில் இதற்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பர். “முதல்ல பார்த்தது யாரு?”ன்னு கேட்டாங்க. நானுங்கன்னேன். கண்டவர்: தவமணி. அந்தப் பாட்டில் காலேஜு அலமாரியில நூறு வருஷம் இருக்குமாம்.

சனிக்கிழமை காலை முதல் டிரிப்பு. எல்லாரும் ஏறியாச்சு, ரெண்டு விசில் குடுத்தேன், வண்டி நகரல. மறுபடியும் குடுத்தேன். அண்ணன் இஞ்சினை அணைச்சுட்டு, “பொட்டு வைக்காம வண்டி எடுக்க மாட்டேன்”னார். “ஆயுத பூசை போய் ஒரு மாசம் ஆகப் போகுதுங்கண்ணா”ன்னேன். “என் வண்டிக்கு இன்னும் ஆகல”ன்னார். பார்த்தா, ஸ்டாண்டுல ஜெயக்கொடி அக்கா தட்டோட நிக்குது, மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம்.  இறங்கினேன். பூசாரி வழியை விட்டு விலகி நின்னார், யாரும் கையை நீட்டித் தட்டை வாங்கல. முன் கண்ணாடிக்குக் கீழே நெத்தி மாதிரி இருக்கற அந்த இடத்துல, ஊக்கு இல்லாம, என் மோதிர விரலாலயே, முதல்ல மஞ்சள், அப்புறம் குங்குமம். பெருசாப் போச்சு, கொஞ்சம் கோணலாவும் போச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, ஏன் மறைக்கணும், எல்லார் முன்னாலயும் நல்லா அழுதேன்.

அப்புறம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கிட்டு வண்டி புறப்பட்டுச்சு, முப்பத்தேழு வளைவும் இறங்குச்சு, ஏறுச்சு, கவுழல. அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் கவுழல. அந்தக் கோணல் பொட்டு இப்பவும் முன்னால இருக்குது, ஏறுறப்ப பார்த்திருப்பீங்களே.

இந்தா, ஒன்பதாவது வளைவு வந்துருச்சு, பனியும் வந்துருச்சு. ஒவ்வொருத்தரா வந்து பாருங்க, தொடாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, அண்ணன் கை சவுக்கியமான்னு கேட்டுட்டுப் பாருங்க. பூவுக்கு இப்ப நான் ஒண்ணும் வைக்கிறதில்லை, எனக்கு வண்டியே இருக்குது.